வெள்ளையாக, இளசாக, இலையோடு

1986-ஆம் ஆண்டு ஹினோகுச்சி மலர்ச் சபையில் முப்பத்தொரு பேர் இருந்தார்கள். அதில் ஒரே ஒரு பெண், ஒகாதா மசுயோ. வயது ஐம்பத்தெட்டு. ரயிலடிக்கு எதிரே சலவைக் கடை. அவளும் முழு உறுப்பினர் அல்ல. சபைக்கூடத்தின் சுவரில் மாட்டியிருந்த மரப் பலகைகளில் முப்பது பேரின் பெயர் முகம் காட்டித் தொங்கியது; முப்பத்தொன்றாவது பலகை மட்டும் திருப்பி மாட்டப்பட்டிருந்தது. அதை நேராகத் திருப்ப மசுயோவுக்கு 1988 ஜூன் வரை அவகாசம்.

சபைக்கு ஒரே வேலை, ஐரிஸ் வளர்ப்பது. ஜூன் மழையில் பூக்கும், இரண்டு உள்ளங்கைகளை விரித்தாலும் கொள்ளாத, இதழ் தொங்கும் பெரிய ஐரிஸ். தோட்டத்தில் கூட்டமாகப் பார்க்கிற பூ அல்ல அது. தொட்டியில் வளர்த்து, பூத்த அன்று வீட்டுக்குள் கொண்டுவந்து, பொன்தாள் ஒட்டிய தட்டிக்கு முன்னால் வைத்து, மண்டியிட்டு முதலில் பூவுக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் நிமிர்ந்து பார்க்க வேண்டும்.

சபைக்கு இரண்டு விதிகள். விதையோ நாற்றோ தூரோ உறுப்பினர் வீட்டு வேலியைத் தாண்டி வெளியாள் கைக்குப் போகக் கூடாது. உறுப்பினர் இறந்தால், வாரிசு, ஜூன்தோறும் பூக்களைக் கொண்டுவந்து காட்டும் மலர்க்கூடல் மூன்று முடிவதற்குள் தன் கையால் விதையிலிருந்து வளர்த்த ஒரு புதுப் பூவைக் காட்ட வேண்டும். காட்டினால் இடம் நிலைக்கும். காட்டாவிட்டால் அந்த வீட்டுத் தூர்கள் அத்தனையும் சபைக்குத் திரும்பும், மற்றவர்கள் பிரித்துக்கொள்வார்கள்.

மசுயோவின் அப்பா 1985 ஆகஸ்டில் இறந்தார். கொல்லையில் வரிசையாக நின்ற அவருடைய தொட்டிகளைச் சபைக்காரர்கள் துக்கம் விசாரிக்க வந்த அன்றே பார்த்துவிட்டுப் போனார்கள். ஊதுவத்தி ஏற்றும் நேரத்தைவிடக் கொல்லையில் நின்ற நேரம் அதிகம். மசுயோ அதைக் கவனித்தாள். அன்றிலிருந்து எல்லாரையும் கவனித்தாள்.

அந்த இலையுதிர் காலத்தில் அப்பா விட்டுப்போன விதைகளைத் திறந்த பாத்தியில் விதைத்தாள். உறைபனி மண்ணைத் தூக்கியது, விதைகள் மேலே வந்து காய்ந்தன. ஒன்றுகூடத் தேறவில்லை. அடுத்த ஜூனில் அப்பாவின் வெள்ளைப் பூவுக்கு ஒரு நீல நரம்புப் பூவின் மகரந்தத்தைத் தொட்டு வைத்தாள். காகிதப் பை கட்டிக் காத்த பூக்களில் ஒன்று மட்டும் காய் பிடித்தது. மற்றவற்றை மழை அழுக வைத்தது.

ஐரிஸ் விதை பூக்கச் சாதாரணமாக மூன்றாவது வருடம் ஆகும். இரண்டாவது ஜூனிலேயே பூக்க வேண்டுமானால் ஒரு வழி உண்டு. இலையுதிர் காலத்திலேயே முளைக்க வைத்து, குளிர்காலத்தில் நாற்றைத் தூங்க விடாமல் வளர்க்க வேண்டும். அதாவது நவம்பரிலிருந்து மார்ச் வரை அந்த நாற்றுகளுக்கு ஒரு கைக்குழந்தைக்கான கவனிப்பு வேண்டும்.

மசுயோ விதைகளை நாள்தோறும் தண்ணீர் மாற்றி ஊற வைத்தாள். தோலில் இருக்கும் ஏதோ ஒன்று முளையைத் தடுக்கும், அது கழுவிப் போக வேண்டும். சலவைக்காரிக்கு அந்த வேலை சொல்லித்தர வேண்டியதில்லை. பிறகு மீன் வாங்கிவந்த தெர்மாகோல் பெட்டியில் மண் நிரப்பி விதைத்து, கொல்லையில் தெற்குச் சுவரை ஒட்டி ஒரு சின்ன பாலித்தீன் கூடாரம் போட்டு அதற்குள் வைத்தாள். பகலில் வெயில் ஏறினால் ஓரத்தைத் தூக்கிவிட வேண்டும். சாயங்காலம் வைக்கோல் பாய் போர்த்த வேண்டும். நவம்பர் கடைசியில் பச்சை ஊசிகள் போல நாற்றுகள் மண்ணைத் துளைத்துக்கொண்டு வந்தன.

திங்கள்கிழமைதோறும் ஷிராகி வந்தார். சபையின் செயலாளர், அரிசி வியாபாரி, எழுபது வயது. கையில் இரண்டு சட்டைகள்.

“முளைச்சுதா, ஒகாதாசான்?”

“சட்டை வியாழக்கிழமை ரெடியாயிடும், ஷிராகிசான்.”

“நான் சட்டையக் கேக்கலையே.”

“நான் சட்டைக்குத்தான் ரசீது குடுப்பேன்.”

அவர் சிரித்துக்கொண்டே போவார். மசுயோ சட்டையின் காலரை விரித்துப் பார்ப்பாள். அழுக்கே இருக்காது. அரிசிக் கடைக்காரர் சட்டையில் தவிட்டுத் தூசியாவது இருக்க வேண்டும். பெட்டியிலிருந்து எடுத்த சட்டையை மடிப்புக் கலையாமல் கொண்டுவருகிற மனுஷன் எதற்காக வருகிறார் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. அப்பாவின் தொட்டிகள் சபைக்குத் திரும்பினால், முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை செயலாளருக்கு.

டிசம்பர் நடுவில் ஆண்டு முடிவுக் கூட்டம். பகல் சாப்பாடு முடிந்து எல்லாரும் தேநீர்க் கோப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தபோது ஷிராகி தொண்டையைச் செருமினார்.

“ஃபுகுவோகாவுல ஒரு செடிக்கடை வாசல்ல நம்ம வகைப் பூ ஒண்ணு படமா தொங்குதாம். என் மச்சான் பாத்துட்டு வந்து சொன்னான்.”

ஒன்றிரண்டு கோப்பைகள் கீழே இறங்கின.

“யாரு வீட்டுலேந்து போச்சுன்னு நான் கேக்கல. கேட்டா யாரும் சொல்லப் போறதில்ல. ஆனா ஒண்ணு. தெரிஞ்சுதுன்னா, அந்த வீட்டுப் பலகைய அன்னைக்கே கழட்டிடுவோம்.”

முப்பது பேரின் கண்கள் சுவரில் மாட்டியிருந்த பலகைகளுக்குப் போயின. திருப்பி மாட்டியிருந்த பலகையில் வந்து நின்றன. மசுயோவின் கடைக்கு ஊரெல்லாம் வரும், வெளியூரும் வரும். கடை வழியாகத்தான் கொல்லைக்குப் போக வேண்டும். அவர்கள் கணக்கு அவளுக்குப் புரிந்தது. அவள் தேநீரை மடமடவென்று குடித்துவிட்டு எழுந்தாள்.

வீட்டில் கணவர் மொரியோ வானொலிக்குக் காது கொடுத்து உட்கார்ந்திருந்தார். பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் குளிர்காலத்தில் ஊர் முழுக்கப் பங்குப் பைத்தியம். தொலைபேசிக் கம்பெனி பங்கு வெளியிடப் போகிறது என்று மீன்காரர்கூடக் காது தீட்டிக்கொண்டிருந்தார். எங்கே பார்த்தாலும் ‘கபு’, ‘கபு’ என்ற பேச்சு. பங்குக்கும் கபு என்றுதான் பெயர், செடியின் தூருக்கும் கபு என்றுதான் பெயர். சபையில் கபு என்றால் தூர், முடிதிருத்தும் கடையில் கபு என்றால் பங்கு. மசுயோவுக்குச் செடிக் கபுவைத் தவிர வேறு கபு காதில் விழாது.

மொரியோ வீட்டோடு மாப்பிள்ளை. கல்யாணத்தின்போது ஒகாதா என்ற பெயரை ஏற்றுக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தவர். மாமனார் இருந்தவரை அவரைத் தொட்டிகளுக்கு அருகே விட்டதில்லை. “பஸ் ஓட்டுற கை” என்பார். மொரியோ பதில் சொன்னதில்லை. கல்யாணமாகி முப்பத்திரண்டு வருடம் பதில் சொல்லாமல் இருந்த ஒரு மனுஷன் மனதில் என்ன இருக்கும் என்று மசுயோ அந்த டிசம்பர் வரை யோசித்ததில்லை.

கூட்டம் முடிந்து சில நாள் கழித்து, மத்தியானம். மசுயோ கொல்லையில் பாலித்தீன் ஓரத்தைத் தூக்கிவிட்டுக் கடைக்குள் நுழைந்தாள். கல்லா பக்கத்துத் தொலைபேசியில் மொரியோ முதுகைக் காட்டிக்கொண்டு குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தார். தொங்கிய கோட்டுகளுக்குப் பின்னால் அவள் நின்றாள்.

“கபு இருக்குல்ல? … ஆமா, வெள்ளதான். … பெருசெல்லாம் வேணாம்ப்பா, இளசா. இலையோட இருக்கணும், இலை வாடக் கூடாது. … ஏழாந்தேதிக்கு முன்னாடி கைக்கு வந்துடணும். … மசுயோவுக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சா என்னை இஸ்திரி போட்டுடுவா.”

எதிர்முனையில் யாரோ சிரித்தார்கள். மொரியோவும் சிரித்தார். மசுயோ கோட்டுகளுக்குள்ளேயே நின்றாள்.

வெள்ளை. இளசு. இலையோடு. பங்குக்கு இலை கிடையாது. அப்பாவின் வெள்ளையிலிருந்து வந்த இளம் நாற்றுகள், இலையோடு, கூடாரத்துக்குள்ளே இருக்கின்றன. யாரோ கேட்கிறார்கள், மொரியோ தரப்போகிறார். அல்லது மொரியோ கேட்கிறார், யாரோ தருகிறார்கள்; அப்படியானால் நாற்றை மாற்றி வைக்கப் போகிறாரா? அவள் எந்தப் பக்கமிருந்து யோசித்தாலும் அது திருட்டாகவே முடிந்தது.

கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்வார், பொய் சொன்னால் அதை நம்பிவிடுவோமோ என்ற பயம் அவளுக்கு.

மறுநாள் மொரியோ முடிவெட்டிக்கொள்ளப் போன நேரத்தில் பெட்டியைத் தூக்கினாள். கடைக்குப் பின்னால் பாய்லர் அறை, சாவி அவளிடம் மட்டும். நீராவிக் குழாய்களுக்கு எதிரே ஒரு அலமாரித் தட்டை ஒழித்து அதில் வைத்தாள். ஜன்னலிலிருந்து கொஞ்சம் வெளிச்சம் வந்தது. கதகதப்பாகவும் இருந்தது. குளிர்காலத்தில் நாற்றுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். கூடாரத்துக்குள் அதே மாதிரி ஒரு தெர்மாகோல் பெட்டியில் வெறும் மண்ணை நிரப்பி வைத்து, வைக்கோல் பாயை மூடினாள். பாயின் முடிச்சில் தன் தலைமுடி ஒன்றைச் சுற்றி வைத்தாள். முடி அறுந்திருந்தால் ஆள் வந்திருக்கிறார் என்று அர்த்தம். இதை எங்கே கற்றாள் என்று அவளுக்கே தெரியாது.

முதல் வாரம் நாற்றுகள் பாய்ந்து வளர்ந்தன. அவள் பெருமைப்பட்டாள். வெளிறிய பச்சையாக, மெலிந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து வளர்கின்றனவே என்று தோன்றியதும் உண்மை. வெளிச்சம் பக்கம் பெட்டியைத் திருப்பி வைத்தாள்.

புத்தாண்டுக்குக் கடைக்கு விடுமுறை. பாய்லரை அணைத்தால் அறை ஐஸ் ஆகிவிடும். முதல் தேதி காலை, வீடெல்லாம் புத்தாண்டு உணவு மணக்க, மசுயோ போய் பாய்லரைப் பற்ற வைத்தாள்.

“என்ன, லீவு நாள்ல பாய்லர்?” என்று மொரியோ கேட்டார்.

“குழாய் உறைஞ்சு போகும்.”

“முப்பது வருஷமா உறையல.”

“இந்த வருஷம் குளிர் ஜாஸ்தி.”

“சாவிய எதுக்கு இடுப்புல கட்டியிருக்க?”

“தொலைஞ்சு போகும்.”

“முப்பது வருஷமா ஆணியிலதான தொங்குது.”

அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள். இரண்டு பேரும் அரிசி அப்பத்தைக் கடித்து இழுத்தார்கள். அந்த மூன்று நாளும் வீட்டில் ஒருவர் எழுந்தால் மற்றவர் தலை திரும்பியது. பிறகு தெரியவந்தது, மொரியோவின் மனதில் வேறொரு கதை ஓடிக்கொண்டிருந்தது. பெண்டாட்டி யாருக்கும் தெரியாமல் பாய்லர் அறையில் பங்குப் பத்திரம் பதுக்கி வைத்திருக்கிறாள் என்று.

ஜனவரி ஏழு, புதன்கிழமை. ஏழு கீரைக் கஞ்சி குடிக்கிற காலை. மசுயோ விடிந்ததும் கூடாரத்துக்குப் போய்ப் பார்த்தாள். முடிச்சில் சுற்றிய முடி அப்படியே இருந்தது. இன்றுதான் ஏழு, இன்னும் வரவில்லை, வருவான் என்று நினைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். அடுப்படியில் மொரியோ நின்றுகொண்டிருந்தார். வருடத்தில் அந்த ஒரு நாள்தான் அவர் சமைப்பார்.

பலகைமேல் கீரைகள் கிடந்தன. நடுவில், பச்சை இலையோடு, பால் போல வெள்ளையாக, குழந்தையின் கைமுட்டி அளவில், இளசான டர்னிப் கிழங்குகள்.

டர்னிப்புக்கும் கபு என்றுதான் பெயர்.

மசுயோ அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏழு கீரையில் ஒன்று அது. பிறந்ததிலிருந்து வருடா வருடம் குடிக்கிற கஞ்சி. அந்தச் சொல்லுக்கு இப்படி ஒரு அர்த்தம் இருக்கிறது என்பது அவளுக்கு இத்தனை நாளில் ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

“இது எங்கேந்து வந்துச்சு?”

“சந்தையிலேந்து.”

“சந்தை அஞ்சாந்தேதி வரைக்கும் லீவு. நேத்து மழை. எங்கேந்து வந்துச்சுங்க?”

மொரியோ கத்தியைக் கீழே வைத்தார். “முரோஸோனோ வீட்டுலேந்து.”

இப்போது எல்லாம் புரிந்தது. முரோஸோனோ தத்சுவோ ஊருக்கு வெளியே பாலித்தீன் போர்த்திய தக்காளிக் குடில் வைத்திருக்கிற விவசாயி, மொரியோவுடன் படித்தவர். அவர் மனைவி ஃபுசாயே நான்கு வருடத்துக்கு முன் பொதுக் குளியலறையில், அத்தனை பெண்கள் நடுவில், “ஒகாதா கடையில போட்டா கறை போகாது, துணிதான் போகும்” என்று சொன்னவள். அன்றே மசுயோ சபதம் போட்டாள்: அந்த வீட்டுத் தூசிகூட இந்த வாசலைத் தாண்டக் கூடாது.

“நாலு வருஷமாவா?”

“நாலு வருஷமாத்தான். கடையில விக்கிறது கட்டை மாதிரி இருக்கும், உனக்குப் பிடிக்காது. போன வருஷம் ரெண்டாவது கிண்ணம் கேட்டு வாங்கிக் குடிச்ச.”

“அது அவ வீட்டுக் கபுவா?”

“அவ வீட்டுக் கபுதான். நல்லாயிருக்குன்னு வேற சொன்ன. அத நான் தத்சுவோகிட்ட சொன்னேன். அவன் ஃபுசாயேகிட்ட சொல்லிட்டான்.”

மசுயோ உட்கார்ந்துவிட்டாள். பிறகு, யாரோ பின்னாலிருந்து தள்ளிவிட்டது போல எழுந்து பாய்லர் அறைக்கு ஓடினாள். மொரியோ கரண்டியோடு பின்னால் வந்தார்.

பெட்டியில் பாதி நாற்றுகள் மண்ணோடு மண்ணாகப் படுத்திருந்தன. அடித்தண்டு பழுப்பு நிறத்தில் சுருங்கி, தொட்டால் கையோடு வந்தது. நாற்றழுகல். முந்தின நாள் சாய்ந்திருந்தவை அன்றைக்கு விழுந்திருந்தன. நின்றவை நூல் மாதிரி நின்றன.

“இதுக்குத்தான் பாய்லரா?” என்று மொரியோ கேட்டார். “ஏன் இங்க கொண்டு வந்த?”

அவள் சொன்னாள். கோட்டுகளுக்குப் பின்னால் நின்றது, வெள்ளை, இளசு, தலைமுடி எல்லாவற்றையும் சொன்னாள். மொரியோ கேட்டுக்கொண்டே பெட்டியைப் பார்த்தார்.

“என்னைத் திருடன்னு நெனச்ச.”

“நெனச்சேன்.”

“உங்கப்பா மாதிரியே.”

இந்தத் தடவை பதில் சொல்லாமல் இருந்தது அவள்.

“சரி, இத என்ன பண்ணலாம், அதச் சொல்லு,” என்றார் மொரியோ.

பண்ண முடிந்தது ஒன்றும் இல்லை. பாய்லர் அறையில் இருந்தால் மீதியும் அழுகும். கூடாரத்துக்குத் திரும்பினால், சூட்டில் நோஞ்சானாக வளர்ந்த நாற்று ஒரே இரவின் உறைபனியில் கருகும். வேண்டியது மிதமான சூடு, நிறைய வெளிச்சம், காற்று. குளிர்காலத்தில் அந்த மாதிரி இடம் இந்த ஊரில் ஒரு வகை ஆட்களிடம்தான் இருக்கிறது.

மொரியோ கரண்டியில் ஒட்டியிருந்த கஞ்சியை வழித்தார்.

“வேலியத் தாண்டக் கூடாது,” என்றாள் மசுயோ. “தாண்டினா பலகையக் கழட்டிடுவாங்க.”

“தாண்டலேன்னாலும் கழட்டப் போறாங்க.”

கஞ்சி ஆறிப்போனது. முற்பகலில், நின்ற நாற்றுகளை மட்டும் வேரோடு நெம்பி எடுத்து, ஈரத் துணியில் வரிசையாகச் சுற்றி, சலவைக்கு வந்த கோட்டுகளைக் கொண்டுபோகிற பெட்டிக்குள் வைத்து, மசுயோ முரோஸோனோ வீட்டுக்கு மிதிவண்டியில் போனாள். மொரியோ வருகிறேன் என்றார். வேண்டாம் என்றுவிட்டாள்.

ஃபுசாயே தக்காளிக் குடில் வாசலில் ரப்பர் பூட்ஸைக் கழுவிக்கொண்டிருந்தாள். பெட்டியைப் பார்த்தாள்.

“நான் ஒண்ணும் துணி போடலையே.”

“துணி இல்ல.”

“கபு தீந்துபோச்சுன்னா அடுத்த வருஷம்தான்.”

“கஞ்சி நல்லாயிருந்துச்சு,” என்றாள் மசுயோ. உண்மையில் அன்று ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. “ஃபுசாயேசான், எனக்குக் குடில்ல ஒரு முழம் இடம் வேணும். மார்ச் வரைக்கும்.”

ஃபுசாயே துணியை விலக்கி நாற்றுகளைப் பார்த்தாள். அவளும் இந்த ஊர்க்காரிதான். அது என்ன நாற்று, அது இங்கே வந்திருப்பதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

“இது வெளிய வரலாமா?”

“வரக் கூடாது.”

“அப்ப நான் எங்க சொன்னாலும் உன் கதை முடிஞ்சுது. குளியலறையில சொன்னாப் போதும்.”

“அங்கதான் சொல்லுவன்னு தெரியும்.”

ஃபுசாயே மற்ற பூட்ஸையும் கழுவி முடித்தாள். பிறகு குழாயை மூடினாள்.

“சாவு வீட்டுக்குக் கட்டிட்டுப் போயி உன் கடையில போட்டேனே, அந்தக் கறுப்பு கிமோனோ, கறை இன்னும் அப்படியேதான் இருக்கு.”

“சோயா சாஸ்னு சொன்னியே, அதுதான் தப்பாப் போச்சு. அது மை. மைன்னு சொல்லியிருந்தா எடுத்திருப்பேன்.”

“மைன்னு சொன்னா எதுக்கு சாவு வீட்டுல மை கொட்டுச்சுன்னு கேப்ப.”

“கேக்க மாட்டேன்.”

“கேப்ப.” ஃபுசாயே குடில் கதவைத் தள்ளித் திறந்தாள். “கடைசி வரிசைக்குப் பின்னால வை. தக்காளி நாத்துன்னு சொல்லிக்கிறேன். தக்காளி எப்படி இருக்கும்னு தெரியாத எவனாவது வந்தா நம்புவான்.”

அடுத்த திங்கள்கிழமை ஷிராகி வந்தார். இரண்டு சட்டைகள். மசுயோ நீராவியால் துணி அழுத்தும் இயந்திரத்துக்கு முன்னால் நின்றிருந்தாள்.

“முளைச்சுதா, ஒகாதாசான்?”

“முளைச்சுது.”

அவர் எதிர்பார்க்காத பதில். “நல்லது. பாக்கலாமா?”

மசுயோ இயந்திரத்தின் பிடியை விட்டாள். முந்தின மாதம் முழுக்க அவள் யாரையெல்லாம் பொய்யர் என்று நினைத்தாளோ, அவர்கள் எல்லாம் அந்தக் கணம் அவள் தலைக்குள் வரிசையாக நின்றார்கள்.

“இங்க இல்ல,” என்றாள். “வெளிய ஒரு வீட்டுல இருக்கு. நான்தான் கொண்டுபோனேன். அழுகிப்போச்சு, வேற வழியில்ல.”

இயந்திரம் புஸ்ஸென்று நீராவி விட்டது. ஷிராகியின் மூக்குக்கண்ணாடி வெள்ளையாக மூடிக்கொண்டது. அவர் அதைக் கழற்றி, தான் கொண்டுவந்த சட்டையின் நுனியால் துடைத்தார். அந்தச் சட்டை முதல் தடவையாக அழுக்கானது.

“இந்த மெஷின் சத்தத்துல ஒண்ணுமே கேக்கல,” என்றார். “வியாழக்கிழமை வரேன்.”

காது கேட்கவில்லையா, கேட்டதைப் பத்திரப்படுத்திக்கொண்டாரா? அந்த வியாழனும் அதற்கடுத்த திங்களும் மசுயோ அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. நாற்றைப் பற்றி அவர் மறுபடி கேட்கவும் இல்லை. அவர் கேட்டுக்கொண்டிருந்தவரை கெடாத அவள் தூக்கம், அவர் கேட்காதபோது கெட்டது.

மார்ச் கடைசியில் பிழைத்த நாற்றுகள் கோட்டுப் பெட்டியில் திரும்பி வந்தன. மொரியோ மண் கலந்தார், மசுயோ நட்டாள். “பஸ் ஓட்டுற கை” என்று அவரே சொல்லிக்கொண்டார். அவள் சிரிக்கவில்லை, உரக்கூடையை அவர் பக்கம் நகர்த்தினாள். அந்தக் கோடையும் அடுத்த குளிர்காலமும் அந்தத் தொட்டிகள் வேலிக்குள்ளேயே நின்றன. ஃபுசாயேயின் கறுப்பு கிமோனோ ஒரு மாதம் கடையில் இருந்துவிட்டு, கறையில்லாமல் திரும்பியது. மை எப்படிக் கொட்டியது என்று மசுயோ கேட்கவில்லை. கேட்காமல் இருக்க அவள் பட்ட பாடு மொரியோவுக்குத்தான் தெரியும்.

1988 ஜூன் பன்னிரண்டு, ஞாயிற்றுக்கிழமை, மலர்க்கூடல். நாற்றுகளில் மூன்று பூத்திருந்தன. இரண்டு சாதாரணம். மூன்றாவது வெள்ளை, நரம்பில் மட்டும், மை கசிந்தது போல, நீலம் ஓடியது. சபைக்கூடத்தில் பொன் தட்டிக்கு முன்னால் அதை வைத்தார்கள். பூவைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் மூவரில் முதல் ஆள் ஷிராகி. அவர் மண்டியிட்டு, பூவுக்குத் தலை வணங்கி, நிமிர்ந்து, மற்றவர்களுக்குக் கால் மரத்துப்போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். மசுயோவின் கண் பூவில் இல்லை, அவருடைய பிடரியில் இருந்தது.

“ஒகாதா வீட்டுக் கையால விதையிலேந்து வந்த பூ,” என்றார் ஷிராகி. “எனக்குச் சந்தேகம் இல்ல.”

சுவரில் இருந்த மசுயோவின் பலகையை அவரே பெயர் தெரியும்படி நேராகத் திருப்பினார். பூவுக்கு என்ன பெயர் என்று கேட்டார்கள். ‘ஏழாம் நாள் காலை’ என்றாள் மசுயோ. ஏன் அந்தப் பெயர் என்று யாரோ கேட்டதற்கு, அன்றைக்குக் கஞ்சி நன்றாக இருந்தது என்றாள். மொரியோ இருமினார்.

எல்லாரும் கலைந்தபோது ஷிராகி செருப்பைத் தேடுவது போல அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

“தூர் பிரிக்கும்போது எனக்கு ஒரு கபு வேணும், ஒகாதாசான்.”

“உறுப்பினருக்குக் குடுக்கலாம். விதி இருக்கு.”

“விதி இருக்கு, தெரியும்.” செருப்பு கிடைத்துவிட்டது. காலை நுழைத்துக்கொண்டே சொன்னார். “கபுன்னா முரோஸோனோ வீட்டுக் கபுவும் நல்லாத்தான் இருக்கும்னு கேள்வி.”

குனிந்து விடைபெற்றுவிட்டுப் போனார். மசுயோவும் குனிந்தாள். நிமிர்ந்தபோது அவர் வாசல் மழையில் குடையை விரித்துக்கொண்டிருந்தார். சொன்னது கேலியா, மிரட்டலா, சும்மா சொன்னதா என்று முதுகைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஜூலை முதல் வாரத்தில் மழை விட்ட ஒரு காலையில் மசுயோ ‘ஏழாம் நாள் காலை’யின் தூரை இரண்டாகப் பிரித்தாள். பாதியை ஈரத் துணியில் சுற்றி மொரியோவிடம் கொடுத்தாள். அவர் அதை ஷிராகியின் அரிசிக் கடையில் கொடுத்துவிட்டு வந்தார்.